யாழ்ப்பாணத்தில ஹொலிடே அபார்ட்மென்ட் வாடகைக்கு விடப் போறீங்களோ? முதல்ல படுக்கையறையைச் சரியாப் பிளான் பண்ணுங்கோ

நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில் பக்கமெல்லாம் இப்ப மாடி மாடியா அபார்ட்மென்ட் வருது, வெளிநாட்டில இருக்கிற கன பேர் ஒண்டை வாங்கிப் போட்டு தாங்கள் வராத மாசங்களில ஹொலிடேக்கு வாடகைக்கு விடுவம் எண்டு யோசிக்கினம். நல்ல யோசனை தான். ஆனா தளபாடம் வாங்கிற நேரம் எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி "இந்த அறைக்குள்ள எத்தினை கட்டில் போடலாம்?" அந்தக் கேள்வியில தான் அறை பழுதாப் போறது. நான் கேக்கச் சொல்லுறது இதை: ராத்திரி 2 மணிக்கு எழும்பிற ஒரு ஆள், பெரிய லைற் போடாம, ஒருத்தரையும் மிதிக்காம, சூட்கேஸில தடக்குப்படாம பாத்ரூமுக்குப் போய்த் திரும்பி வரேலுமோ? ஏலுமெண்டா அறை சரி. ஏலாதெண்டா எவ்வளவு வடிவான கட்டில் போட்டும் பிரயோசனம் இல்லை.

ஏன் 2 மணி எண்டா, இஞ்ச வாறதில கன பேர் ஆடி ஆவணியில நல்லூர்த் திருவிழாவோட, பிள்ளையளின்ர பள்ளிக்கூட லீவில வாற கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ் ஆக்கள். அந்த நேரம் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், இஞ்ச ராத்திரி 2 மணி எண்டா அங்க முதல் நாள் பின்னேரம் 4.30. முதல் கொஞ்ச நாள் பிள்ளையளுக்கு இரவில நித்திரை வராது, பசிக்கும், ஹோலுக்கு வருவினம், ஃபிறிட்ஜைத் திறப்பினம், பிறகு மத்தியானம் அடிச்சுப் போட்ட மாதிரிப் படுப்பினம். அதே வீட்டில அம்மம்மா விடியப்புறம் 4 மணிக்கு எழும்பிக் குளிச்சு கோயிலுக்கு வெளிக்கிடுவா, 25 நாள் திருவிழாவில 24ஆம் நாள் தேர் அண்டைக்கெண்டா முழு வீடுமே அந்த நேரம் எழும்பி ஒரே பாத்ரூமுக்கு லைன்ல நிக்கும். ஹோட்டல் அறையில ரெண்டு பேர் ஒரே நேரம் படுத்து ஒரே நேரம் எழும்புவினம், இஞ்ச ஆறு பேர் ஆறு நேரத்துக்கு எழும்பிறவை. அதால இன்ரர்நெற்றில பாத்த ஹோட்டல் அறைப் படத்தை அப்பிடியே கொண்டு வந்து இறக்கினா சரிவராது.

கடைக்குப் போறதுக்கு முதல் ஒரு அளவு ரேப்பும் ஒரு வெண்கட்டியும் எடுத்துக்கொண்டு வெறும் அறைக்குள்ள போங்கோ. பில்டர் தந்த பிளானில இருக்கிற அளவை நம்பாதேங்கோ, பூச்சுப் பூசி ரைல்ஸ் ஒட்டின பிறகு சுவரில இருந்து சுவருக்கு நீங்களே அளவுங்கோ. கதவு எந்தப் பக்கம் திறக்குது, திறந்தா எவ்வளவு இடம் எடுக்குது, பாத்ரூம் கதவு உள்ளுக்கோ வெளியிலயோ, யன்னலின்ர கீழ் விளிம்பு தரையில இருந்து எத்தினை அங்குலம், சுவிச், பிளக் எங்க, ஏசிக்கு விட்ட ஓட்டை எங்க, எல்லாத்தையும் எழுதுங்கோ. பிறகு கட்டிலை, அலுமாரியை வெண்கட்டியால தரையில கீறுங்கோ, அதுக்கு மேல கால் வைக்காம சுத்தி நடந்து பாருங்கோ. கடதாசியில சரியா வந்த கன விசயம் தரையில கீறினாப் பிறகு தான் பிழையெண்டு விளங்கும்.

அடுத்தது தலைமாடு எந்தப் பக்கம் எண்டது. இதை முடிவெடுத்தாப் பாதி வேலை முடிஞ்சுது. எங்கட ஆக்களில கன பேர் வடக்க தலை வைச்சுப் படுக்க மாட்டினம், நம்பிக்கை இல்லாத பிள்ளையளும் தாய் தேப்பனுக்காகக் கட்டிலை இழுத்துத் திருப்புவினம், ரைல்ஸ் கீறுப்படும், சுவர் இடிபடும், அதால வடக்குச் சுவரை விட்டுடுங்கோ. மேற்குச் சுவர் வேற பிரச்சினை, பின்னேர வெயிலைக் குடிச்ச சுவர் இரவு 10, 11 மணி வரைக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும், அதில தலையை வைச்சா ஏசி போட்டும் புழுங்கும். அப்ப மிஞ்சுறது கிழக்கும் தெற்கும். மேற்குச் சுவரில யன்னல் இல்லாத இடமாப் பாத்து அலுமாரியை வையுங்கோ, சுவரில ஒட்டாம ரெண்டு மூண்டு அங்குலம் இடைவெளி விட்டு, அது சூட்டையும் மறிக்கும், மாரியில அலுமாரிக்குப் பின்பக்கம் பூஞ்சணமும் பிடிக்காது.

காத்தையும் பாருங்கோ. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் சோளகம் தென்மேற்கில இருந்து அடிக்கும், வெளிநாட்டு ஆக்கள் வாற காலமும் அது தான், தெற்கு மேற்கு யன்னலைத் திறந்து விட்டா ஏசி இல்லாமலே படுக்கலாம். அந்த யன்னலை அலுமாரியால மறைக்கிறது பெரிய பாவம். ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்தோட மழை மற்றப் பக்கத்தால, வடகிழக்கால வரும், அந்தப் பக்க யன்னலுக்குக் கீழ கட்டிலை முட்ட வைச்சா ஒரு இரவு யன்னல் பூட்ட மறந்தாலும் மெத்தை நனையும், நனைஞ்ச மெத்தை அந்தக் காலத்தில காயாது.

இனி அளவு. எங்கட மெத்தைக் கடையளில அங்குலத்தில தான் கதைப்பினம், 72க்கு 36 சிங்கிள், 72க்கு 48 டபிள், 72க்கு 60 குயின், 72க்கு 72 கிங். நீளம் 75, 78லயும் எடுக்கலாம், நான் சொல்லுவன் 78 எடுங்கோ எண்டு. 72 அங்குலம் எண்டா 183 சென்ரிமீற்றர், ஐரோப்பாவில இருந்து வாற பிள்ளையள் ரெண்டு மீற்றர் மெத்தையில படுத்துப் பழகினவை, ஆறடிப் பெடியனுக்குக் கால் வெளியில தொங்கும், கால்மாட்டில பலகை அடிச்ச கட்டிலெண்டா அது கூட ஏலாது. அதால கால்மாட்டுப் பலகை இல்லாத கட்டிலாப் பாருங்கோ. 48 அங்குலக் கட்டிலை வாடகை வீட்டுக்கு வாங்காதேங்கோ, கடையில ரெண்டு பேருக்கு எண்டு தான் சொல்லுவினம், ரெண்டு வளந்த ஆக்கள் அதில கிடந்து விடிய எழும்பினாத் தெரியும்.

ஒரு 10க்கு 11 அடி அறையை எடுப்பம், இஞ்ச வாற அபார்ட்மென்ட்டுகளில இப்பிடியான அளவு சாதாரணம். 10 அடிச் சுவரில தலைமாட்டை நடுவில வைச்சு 60 அங்குலக் கட்டில் போட்டா ரெண்டு பக்கமும் ரெண்டரை ரெண்டரை அடி மிஞ்சும், ஒரு பக்கத்துக்கு ஒண்டரை அடிச் சின்ன மேசை ஒண்டும் வைக்கலாம், ஆளும் இறங்கலாம். கட்டில் நீளம் ஆறரை அடியும் தலைமாட்டுப் பலகையும் போகக் கால்மாட்டில நாலேகால் அடி கிட்ட வரும், அந்த எதிர்ச் சுவரில ரெண்டு அடி ஆழ அலுமாரி வைச்சா நடைபாதை ரெண்டேகால் அடி. காணும், ஆனா அலுமாரிக்குத் திறக்கிற கதவு போட்டா, திறந்த நேரம் பாதை அடைபடும், அந்த இடத்தில தள்ளுக் கதவு தான் சரி. இதே அறைக்கு 72 அங்குலக் கட்டில் போட்டா பக்கங்களில ரெண்டு ரெண்டு அடி தான், மேசையை ஒரு அடித் தட்டாச் சுவரில அடிக்க வேணும். பாதை எண்டு நான் சொல்லுறது ஆகக் குறைஞ்சது ரெண்டு அடி, வயசான ஆள் பாவிக்கிற பாதையெண்டா ரெண்டரை. அதுக்குக் கீழ போனா பக்கவாட்டில தான் நடக்க வேணும். கட்டிலை ஒரு பக்கம் சுவரோட ஒட்டி இடம் மிச்சம் பிடிக்கிற ஆக்கள் இருக்கினம், ரெண்டு பேர் படுக்கிற கட்டிலுக்கு அது வேண்டாம், உள்பக்கம் படுக்கிறவர் மற்ற ஆளுக்கு மேலால ஏறித் தான் இறங்க வேணும், பெட்சீற் மாத்திற அக்காக்கும் ஒவ்வொரு முறையும் இழுத்துத் தள்ளுற வேலை.

ரெண்டாவது அறைக்கு என்ர கட்டாயமான ஆலோசனை, ரெண்டு 36 அங்குலச் சிங்கிள். ரெண்டையும் சேத்தா 72, ஒரு கிங் கட்டில், புதுசாக் கலியாணம் கட்டின சோடி வந்தாச் சேத்து வைக்கலாம், அண்ணனும் தம்பியும் வந்தாப் பிரிச்சு வைக்கலாம், அப்பாவும் மாமாவும் வந்தாலும் ஒரு சங்கடமும் இல்லை. ரெண்டு மெத்தையும் ஒரே உயரம், ஒரே வகை எண்டு பாத்து வாங்குங்கோ, சேக்கிற நேரம் நடுவில வாற இடைவெளிக்கு மேல ஒரு மெல்லிய ஃபோம் விரிச்சு ஒரே பெட்சீற் போட்டாத் தெரியாது, கட்டில் கால்களை ஒரு பட்டியால இறுக்கிக் கட்டுங்கோ, அடியில ரப்பர் போடுங்கோ, இல்லாட்டி ரைல்ஸில ரெண்டும் விலகி நடு இரவில ஒரு ஆள் உள்ளுக்கை இறங்கிடும். 9க்கு 10 அடி அறையெண்டா 10 அடிச் சுவரில ரெண்டு தலைமாட்டையும் வைச்சு ரெண்டு கட்டிலையும் ரெண்டு மூலைக்கும் தள்ளுங்கோ, நடுவில நாலு அடி வரும், அதில இரவில ஒரு சின்னப் பிள்ளைக்கு மடிக்கிற மெத்தை விரிக்கலாம். கால்மாட்டில ரெண்டரை அடி தான் மிஞ்சும், அந்த அறைக்கு அலுமாரி வேண்டாம், சுவரில ஒரு பலகையும் கீழ அஞ்சாறு கொளுக்கியும் காணும்.

இனி ஒருத்தரும் கணக்கெடுக்காத சாமான், சூட்கேஸ். கனடாவில இருந்து வாற ஒரு ஆளுக்கு 23 கிலோப் பெட்டி ரெண்டு, நாலு பேர்க் குடும்பமெண்டா எட்டுப் பெரிய பெட்டி, அதோட கைப்பைகள். வரேக்க சொக்லேற், போகேக்க மிளகாய்த்தூள், ஒடியல், பனங்காய்ப் பணியாரம், பருத்தித்துறை வடை, பெட்டி ஒரு நாளும் வெறுமையா இருக்காது. ஒரு பெரிய பெட்டியை நிமித்தி வைச்சா இடம் கொஞ்சம், ஆனா ஆக்கள் அதைத் தரையில விரிச்சுத் திறந்து தான் பாவிப்பினம், திறந்தா ரெண்டரை அடிக்கு மூண்டரை அடி கிட்டப் போகும். அந்த இடத்தை நீங்கள் குடுக்காட்டி அவை நடைபாதையில விரிப்பினம், பிறகு 2 மணிக்கு எழும்பிற ஆள் அதில விழும். அதால கட்டிலுக்குக் கீழ 12 அங்குலம் இடைவெளி வாற மாதிரிச் செய்விங்கோ, பெட்டி படுக்க வைச்சு உள்ளுக்குத் தள்ளுப்படும். கட்டிலுக்குக் கீழ லாச்சி வைச்சு அடிக்கிற டிசைன் வடிவு தான், வாடகை வீட்டுக்கு வேண்டாம், அந்த லாச்சியை ஒருத்தரும் திறக்க மாட்டினம், பெட்டிக்கும் இடம் போச்சு. ஓடாவியிட்டச் சொல்லிக் கால்மாட்டில ஒண்டரை அடி உயரத்தில ஒரு பலமான வாங்கு, ஒவ்வொரு அறைக்கும் ஒண்டு, அதில ஒரு பெட்டி திறந்தபடி இருக்கலாம், ஆளும் இருந்து காலுறை போடலாம். வாங்கு வைக்கிறதெண்டா அலுமாரியைச் சின்னனாக்குங்கோ, ரெண்டு கிழமை நிக்கிற ஆக்கள் அலுமாரியில ஒண்டும் அடுக்க மாட்டினம், சாறியும் வேட்டியும் கொழுவ மூண்டு அடி அகலம் காணும்.

வயசான ஆக்களுக்கு எந்த அறை எண்டதில விவாதமே இல்லை, அட்டாச் பாத்ரூம் உள்ள அறை அவைக்குத் தான் போகும், ஆகவே அந்த அறையை அவையை நினைச்சே செய்யுங்கோ. மெத்தையோட சேத்து உயரம் 18இல இருந்து 20 அங்குலம், இருந்தா ரெண்டு பாதமும் தரையில படவேணும், அதுக்கு மேல உயரமான சொகுசு மெத்தை போட்டா முழங்கால் வருத்தக்காரருக்கு ஏறுறதும் இறங்கிறதும் தண்டனை. பாத்ரூம் கதவுக்குக் கிட்ட இருக்கிற பக்கத்தில ஒரு சாமானும் வைக்காதேங்கோ, காலுக்கு விரிக்கிற சின்ன மற் கூட வேண்டாம், ரைல்ஸில வழுக்கும். பாத்ரூமுக்குள்ள இறங்கிற படி இருந்தா அந்த விளிம்பில வேற நிறத்தில ஒரு பட்டி ஒட்டுங்கோ. தலைமாட்டில ஒரு அடித் தட்டு, அதில குளிசை, தண்ணிப் போத்தல், கண்ணாடி, அதுக்குப் பக்கத்திலயே பிளக், நித்திரையில மூச்சுக்குப் போடுற மெசினோட வாற ஆக்கள் இப்ப கன பேர், அவைக்குப் பிளக் கட்டில் தலைமாட்டில இல்லாட்டி நடைபாதைக்குக் குறுக்கால எக்ஸ்ரென்சன் வயர் ஓடும்.

ஃபான் விசயம் கவனம். இஞ்ச ஏசி இருந்தாலும் சீலிங் ஃபான் வேணும், கரண்ட் போனா இன்வேட்டரில ஓடுறது அது தான். ஆனா ஃபானுக்குக் கீழ மேல் தட்டுக் கட்டில் போடவே கூடாது. 9 அடிச் சீலிங்கில ஃபான் இறகு கிட்டத்தட்ட எட்டடியில சுத்தும், மேல் தட்டு மெத்தை அஞ்சடியில இருக்கும், அதில எழும்பி நிக்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும் எண்டு நான் எழுதத் தேவையில்லை. மேல் தட்டு போட்டே ஆகவேணுமெண்டா அந்த அறைக்குச் சுவர் ஃபான், மேல் தட்டுக்கு நாலு பக்கமும் மெத்தைக்கு மேல அஞ்சு அங்குலமாவது எழும்பிற தடுப்பு, 6 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை மேல படுக்கக் கூடாது எண்டு எழுதியும் போடுங்கோ. என்னைக் கேட்டா வேண்டாம் எண்டு தான் சொல்லுவன்.

நுளம்பு வலையும் ஃபானும் ஒத்துவராது, சீலிங்கில இருந்து தொங்கிற வட்ட வலை கட்டிலுக்கு நடுவால வரும், ஃபானும் அதே நடுவில. மார்கழி தையில இஞ்ச டெங்கு கூடிற காலம், வலை இல்லாமலும் ஏலாது. அதால யன்னல் எல்லாத்துக்கும் கம்பி வலை அடியுங்கோ, பால்கனிக் கதவுக்கும் தள்ளு வலை, அந்தக் கதவுக்கு முன்னால கட்டில் மூலை வராமப் பாருங்கோ.

ஏசி 100, 110 சதுர அடி அறைக்கு 9000 பீடியூ (ஏசி எவ்வளவு குளிராக்கும் எண்ட அளவு) காணும், மேல் மாடி, வெயில் படுற தட்டு எண்டா 12000 போடுங்கோ. தலைமாட்டுக்கு நேர மேல அடிக்காதேங்கோ, காத்து நெஞ்சில அடிக்கிற மாதிரிக் கால்மாட்டிலயும் வேண்டாம், பக்கச் சுவர் தான் நல்லம், தண்ணிக் குழாய் வெளிச் சுவருக்குச் சரிவா இறங்க வசதியான பக்கமாப் பாருங்கோ. ஏசிக்காரர் தனக்கு லேசான இடத்தில பூட்டப் பாப்பினம், நீங்கள் வெண்கட்டியால கீறின கட்டிலைக் காட்டி இடத்தைச் சொல்லுங்கோ.

லைற்றுக்கு, கதவடியில ஒரு சுவிச், கட்டிலடியில ஒரு சுவிச், ரெண்டிலயும் நிப்பாட்டக் கூடிய மாதிரி வயரிங்காரரிட்ட முதலே சொல்லுங்கோ, பூச்சுக்குப் பிறகு சுவரை வெட்டினாச் செலவு. கட்டிலின்ர ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு சின்ன மஞ்சள் லைற், பாத்ரூம் பாதையில தரையோட ஒரு இரவு லைற். 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கோட எல்லா நாட்டுப் பின்னும் போற ஒண்டும் பூட்டுங்கோ. ஒரு ஹெயார் டிரையர் வாங்கி வையுங்கோ, கனடாவில 120 வோல்ற், அங்கத்தைய டிரையரை இஞ்சத்தைய 230இல குத்தினா அதுவும் எரியும் உங்கட பிளக்கும் கருகும். திரைச்சீலை ரெண்டு தட்டு, ஒண்டு மெல்லிசு, ஒண்டு பகலையும் இருட்டாக்கிற தடிப்பு, மத்தியானம் நித்திரை கொள்ளுற பிள்ளையளுக்கு அது இல்லாட்டி ஏலாது.

தலைமாட்டுச் சுவரைக் கிட்டப் போய்ப் பாத்திருக்கிறீங்களோ? எண்ணெய் தேய்ச்ச தலை சாஞ்சு சாஞ்சு தலகாணிக்கு மேல வட்டமா ஒரு மங்கல் கறை, எந்தப் பெயின்ற்றிலயும் வரும், திருவிழா முடிய எல்லா வாடகை வீட்டிலயும் இருக்கும். துடைக்கக் கூடிய மரப் பலகை, மெத்தைக்கு மேல ரெண்டு அடி உயரத்துக்கு, கட்டில் அகலத்தை விட ரெண்டு பக்கமும் ஆறு அங்குலம் கூட அடிச்சுவிடுங்கோ. துணி போட்ட தலைமாடு வேண்டாம், அது எண்ணெயைக் குடிக்கும், கழுவவும் ஏலாது. பெட்சீற்றும் தனி வெள்ளை வேண்டாம், எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுத் தண்ணி, நாலு தோய்ச்சலில வெள்ளை மங்கிடும், சந்தனம் குங்குமமும் போகாது, இளம் சாம்பலோ மண் நிறமோ எடுங்கோ.

சாமிப் படத்தைப் படுக்கையறையில கால்மாட்டுச் சுவரில கொழுவாதேங்கோ, கால் நீட்டிப் படுக்கேக்க சங்கடப்படுவினம், ஹோலில ஒரு சின்னத் தட்டு காணும்.

ஹோலில சோஃபா பெட் போட்டு "எட்டுப் பேர் படுக்கலாம்" எண்டு போடுற ஆசையை விடுங்கோ. இரவு 2 மணிக்குப் பிள்ளையள் ஃபிறிட்ஜுக்கு வாற பாதை அது, அதில படுத்திருக்கிற ஆளுக்கு நித்திரையும் இல்லை, ஒதுக்கமும் இல்லை. ரெண்டு அறை, ஒண்டரைப் பாத்ரூம் (அரை எண்டது குளிக்கிற இடம் இல்லாத ரொய்லெற்) வீட்டுக்கு அஞ்சு பேர், இழுத்தா ஆறு. வேணுமெண்டா ரெண்டு பனையோலைப் பாயும் ரெண்டு தலகாணியும் அலுமாரிக்கு மேல வையுங்கோ, சொந்தக்காரர் வந்து நிண்டா அவை தாங்களே விரிப்பினம்.

மெத்தையும் அலுமாரியும் ஏறுமோ எண்டு லிஃப்ற்றையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்து போட்டு ஓடர் குடுங்கோ, ஸ்பிரிங் மெத்தை மடியாது. கழட்டிப் பூட்டுற அலுமாரி, கட்டில் தான் மாடிக்குச் சரி.

எல்லாம் வந்து இறங்கின பிறகு, படம் எடுக்க முதல், வீட்டாக்களோட ஒரு இரவு அதில படுங்கோ, ரெண்டு பெரிய பெட்டியைத் திறந்து வைச்சபடி. விளம்பரத்தில கட்டில் அளவைச் சென்ரிமீற்றரிலயும் போடுங்கோ, 152க்கு 198 எண்டு, அவைக்கு அது தான் விளங்கும், ஒரு படம் கதவடியில நிண்டு நடைபாதை தெரியிற மாதிரி எடுங்கோ. கட்டில் கால் நிக்கிற இடத்தில ரைல்ஸ் இடுக்கில சின்னதா ஒரு பெயின்ற் பொட்டு வையுங்கோ, ஆக்கள் இழுத்துத் திருப்பிப் போட்டுப் போனாலும் துப்பரவாக்க வாற அக்கா அதைப் பாத்துச் சரியான இடத்துக்குத் தள்ளி விடுவா.